செலவழுங்கலும் தடுப்பூசியும்

முன்னுரை

பழந்தமிழர் பயணத்தைச் 'செலவு' என்றனர். பொருள் தேடிப் பிரிய எண்ணிய தலைவன், புறப்படும் வேளையில் தயங்கிச் சில நாள் நின்றுவிடுவதைச் 'செலவழுங்கல்' என அகப்பொருள் இலக்கணம் குறிக்கும். இத்தயக்கம் போகாமலே இருந்துவிடுதல் அன்று. வீட்டில் இருக்கப்போகும் தலைவியைத் தேற்றி, அவள் நெஞ்சுக்கு உறுதி தந்த பின்னர்ப் புறப்படுவதற்காக மேற்கொள்ளும் தாமதமே அது எனத் தொல்காப்பியம் தெளிவுறுத்துகின்றது. செல்பவனின் நலத்தோடு, பின்தங்கி இருப்போரின் நலத்தையும் எண்ணிச் சில நாள் பொறுத்தல் என்பதே அதன் உட்கிடை.

இன்று நம்மவர் செலவு பலவகையாய்ப் பெருகியுள்ளது. வளைகுடா நாடுகளுக்குப் பணிக்குச் செல்வோர், ஆப்பிரிக்க நாடுகளுக்கு வணிகத்திற்குச் செல்வோர், மேலை நாடுகளுக்கு உயர்கல்விக்குச் செல்லும் மாணவர், ஹஜ், உம்ரா கடமைகளுக்காகப் புனித மக்கா நோக்கிச் செல்லும் பெரியோர் எனப் பயணியர் இல்லாத தெரு நம் ஊர்களில் இல்லை. பெட்டி கட்டுவதிலும், பணம் மாற்றுவதிலும், உறவினருக்குச் சொல்லி அனுப்புவதிலும் நாம் காட்டும் கருத்தினை, உடலைப் பயணத்திற்கு ஆயத்தம் செய்வதில் காட்டுகின்றோமா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா. தடுப்பூசி என்றதும், விமான நிலையத்தில் காட்டுவதற்குரிய ஒரு தாள் என்ற எண்ணமே பலருக்குத் தோன்றுகின்றது. அது தாளன்று, உடலுக்குள் சில நாள் நிகழ வேண்டிய ஒரு வினை. அந்நாள்களை ஒதுக்கித் தருவதே நம் காலத்துச் செலவழுங்கல் என்பதை விளக்க முயல்வோம்.

கப்பலும் கொள்ளைநோயும்

மனிதன் செல்லும் வழியெல்லாம் நோயும் உடன் சென்றுள்ளது. நீராவிக் கப்பல்கள் வந்தபின் அதன் விரைவு பன்மடங்காயிற்று. 1865ஆம் ஆண்டு ஹஜ் காலத்தில் மக்காவில் வாந்திபேதி எனப்படும் காலரா பரவியது. கூடியிருந்தோர் ஏறத்தாழ 90,000 பேர் என்றும், அவருள் சுமார் 15,000 பேர் மாண்டனர் என்றும் அக்காலத்தார் கணக்கிட்டனர். திரும்பிய கப்பல்களோடு அந்நோய் எகிப்துக்கும், அங்கிருந்து மத்தியதரைக் கடல் துறைமுகங்களுக்கும் சென்றது. அதன் விளைவாக 1866ஆம் ஆண்டில் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் பல நாட்டு அரசுகளும் கூடி, கடல்வழிப் பரவும் நோய்களைத் தடுக்கும் முறைகளை ஆராய்ந்தன.

அன்று அவர்கள் கையில் இருந்த கருவி ஒன்றே: தனிமைப்படுத்திக் காத்திருக்கச் செய்தல். செங்கடலில் உள்ள கமரான் தீவில் துருக்கிய அரசு 1882ஆம் ஆண்டில் தடைக்காப்பு நிலையம் ஒன்றை அமைத்தது. இந்தியாவிலிருந்தும் கீழ்த்திசை நாடுகளிலிருந்தும் வந்த ஹஜ் கப்பல்கள் அங்கு நிறுத்தப்பட்டன. ஜித்தாவின் கரை காண ஏங்கி வந்த பயணிகள், வெயிலும் மணலும் நிறைந்த அத்தீவில் நாள் எண்ணிக்கொண்டிருந்தனர்.

தமிழகத்தார்க்கும் இக்காத்திருப்பு புதிதன்று. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிய தமிழர் பலர், 1874ஆம் ஆண்டு முதல் தடைக்காப்பு நிலையமாக விளங்கிய சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவை அறிந்திருந்தனர். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோர் இராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பெற்ற பின்னரே கடல் கடந்தனர். இன்றும் 'மண்டபம் கேம்ப்' என்றே வழங்கும் அவ்வூர்ப் பெயரில் அப்பழைய நினைவு தங்கியுள்ளது.

1896ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் மூண்டது. மறு ஆண்டில் அந்நகரத் துறையிலிருந்து ஹஜ் பயணமே தடை செய்யப்பட்டது. ஆண்டாண்டாய்ச் சிறுகச் சிறுகச் சேமித்து வைத்த ஏழைப் பயணியர் எத்தனை பேர் அவ்வாண்டு கரையில் நின்று கலங்கியிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம். நோயைத் தடுக்க வழியறியாத காலத்தில், பயணத்தைத் தடுப்பது ஒன்றே வழியாயிருந்தது. இந்நிலையை மாற்றியது தடுப்பூசி. தீவில் கிடந்து காத்திருந்த நாள்களை அது நம் வீட்டுக்கே கொணர்ந்துவிட்டது. இன்று நாம் சொந்த வீட்டில், சொந்த உணவை உண்டு, பத்து நாள் பொறுத்தால் போதும். முன்னோர் பட்ட துன்பத்தோடு ஒப்பிட, இது எத்துணை எளிது!

தடுப்பூசி நடந்து வந்த வழி

பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுவேறு நோய்களெனப் பிரித்தறிந்து தனி நூலாக எழுதியவர், 9, 10ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மருத்துவ மேதை அல்ராஸி. பெரியம்மைக் கொப்புளத்தின் நீரைச் சிறிதளவு எடுத்து, நோயில்லாதவர் தோலில் கீறி வைக்கும் வழக்கம் துருக்கியில் இருந்தது. அந்நாட்டில் ஆங்கிலத் தூதராயிருந்தவரின் மனைவி மேரி மாண்டேகு அம்மையார் 1717ஆம் ஆண்டில் இதனைக் கண்டு வியந்து, தம் மகனுக்கும் அங்கேயே செய்வித்தார். பின்னர் இங்கிலாந்தில் அதனைப் பரப்பவும் பாடுபட்டார். 1796ஆம் ஆண்டில் எட்வர்டு ஜென்னர், கொடிய பெரியம்மை நீருக்கு மாற்றாக மென்மையான பசு அம்மை நீரைப் பயன்படுத்திப் பாதுகாப்பான வழியைக் கண்டார்.

அம்மைப்பால் இந்தியாவுக்கு வந்த கதை சுவையானது. குளிர்பெட்டி இல்லாத காலம் அது. ஒருவர் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து அடுத்தவர் கைக்கு மாற்றி மாற்றியே அதனை உயிரோடு கொண்டுவர வேண்டியிருந்தது. கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாத், பஸ்ரா வழியாகக் கைமாறிக் கைமாறி வந்து, 1802ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் ஒரு மூன்று வயதுச் சிறுமியின் கையில் அது முதன்முதல் இடப்பட்டது. வணிகர்களும் ஹாஜிகளும் நடந்த அதே தடத்தில், மனிதர் மனிதரைக் காக்கும் மருந்தும் நடந்து வந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது. பின்னர்ச் சென்னைக் கிண்டியில் 1899ஆம் ஆண்டில் தோன்றிய கிங் நிலையம் தென்னாட்டுக்கு வேண்டிய அம்மைப்பாலை உருவாக்கித் தந்தது.

வால்டமர் ஹாப்கின் என்னும் அறிஞர் 1893ஆம் ஆண்டில் காலராத் தடுப்பூசியோடு இந்தியா வந்தார். பம்பாயில் பிளேக் பரவியபோது அதற்கும் தடுப்பூசி கண்டு, 1897ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் அதனைத் தம் உடலிலேயே முதலில் செலுத்திச் சோதித்தார். மக்கள் ஊசிக்கு அஞ்சினர். பலவாறு வதந்திகள் உலவின. அவ்வேளை, இருபது வயதும் நிரம்பாதிருந்த மூன்றாம் ஆகாகான், தம்மைப் பின்பற்றுவோர் அச்சம் நீங்கும்பொருட்டுப் பலரும் காணத் தாமே அவ்வூசியைப் போட்டுக்கொண்டார். தலைவர் என்போர் அறிவுரை கூறுவதோடு அமையாது, கையை முதலில் நீட்டிக் காட்ட வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று. ஊர்ப் பெரியவர்கள் இதனை மனங்கொள்வார்களாக.

உடலுக்குள் நிகழ்வது

தடுப்பூசி போட்ட மறுகணமே காப்பு வந்துவிடும் எனப் பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. நோய்க்கிருமியின் வலிகுன்றிய வடிவமோ, கொல்லப்பட்ட வடிவமோ, அதன் ஒரு கூறோ ஊசி வழியாக உடலுக்குள் செல்கின்றது. குருதியில் உள்ள வெள்ளணுக்கள் அதனை அயலான் என அடையாளம் கண்டு, அதற்கேற்ற எதிர்ப்பொருளை உண்டாக்கத் தொடங்குகின்றன. பூட்டுக்குத் திறவுகோல் செய்வது போன்ற பணி இது. முதன்முறை செய்யும்போது ஒன்றிரண்டு வாரங்கள் பிடிக்கும். செய்து முடித்ததும், சில அணுக்கள் அந்த அமைப்பை நினைவில் நிறுத்திக்கொள்கின்றன. பின்னொரு நாள் உண்மையான கிருமி வரும்போது, நினைவு கொண்ட அவ்வணுக்கள் விரைந்தெழுந்து அதனை அடக்குகின்றன.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை எடுத்துக்கொள்வோம். போட்ட பத்து நாளுக்குள் நூற்றுக்கு எண்பது பேர் முதல் அனைவர்க்குமே காப்பு உண்டாகிவிடுகின்றது. முப்பது நாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் மேல் அது உறுதிப்படுகின்றது. ஆகவேதான் அதற்குரிய சான்று, ஊசி போட்ட நாளிலிருந்து பத்து நாள் கழிந்த பின்னரே செல்லத்தக்கதாகின்றது. இப்பத்து நாள் ஏதோ ஓர் அதிகாரி விதித்த கெடுபிடியன்று. நம் உடல் கேட்கும் தவணை.

ஹஜ், உம்ராப் பயணியர்க்குரிய ஊசி

மெனிஞ்சைடிஸ் எனப்படும் மூளைச்சவ்வுக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகளுள் கொடியது மெனிங்கோகாக்கஸ். பத்துப் பேரில் ஒருவர் தொண்டையில் இக்கிருமி எவ்விதத் தீங்குமின்றித் தங்கியிருக்கக் கூடும். அவருக்கே அது தெரியாது. இருமல், தும்மல், நெருங்கிய பேச்சு, ஒரே கோப்பையில் பருகுதல் ஆகியவற்றால் அது பிறர்க்குச் செல்கின்றது. சென்ற இடத்தில் எவரோ ஒருவரின் குருதியில் புகுந்துவிட்டால், காலையில் தலைவலியாகத் தொடங்கிய நோய் மறுநாளுக்குள் உயிரைக் கொண்டுபோகவும் கூடும். தக்க மருத்துவம் செய்தும் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் குறையாமல் இறக்கின்றனர். பிழைத்தோருள்ளும் சிலர் செவிப்புலனையோ கைகால்களையோ இழக்கின்றனர்.

மினாவின் கூடாரங்களில் தோளோடு தோள் உரசி உறங்குவோரையும், தவாபின்போது நெருக்கி நடப்போரையும் எண்ணிப் பார்த்தால், இக்கிருமி ஹஜ்ஜோடு ஏன் தொடர்புபடுத்தப்படுகின்றது என்பது விளங்கும். 1987ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது இக்கிருமியின் 'ஏ' வகையால் நோய் பெருமளவில் மூண்டது. அதன் பின்னர்ச் சவூதி அரசு பயணியர்க்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. அன்று போடப்பட்ட ஊசி 'ஏ', 'சி' என்னும் இரு வகைகளுக்கே காப்பளித்தது. 2000ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது, ஊசிக்கு அடங்காத 'டபிள்யூ 135' வகை தலைதூக்கியது. பயணியரும் அவர்தம் தொடர்பினருமாக உலகில் 400க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். மறு ஆண்டிலும் அது தொடர்ந்தது. எனவே ஏ, சி, ஒய், டபிள்யூ என்னும் நான்கு வகைக்கும் காப்பளிக்கும் ஊசி 2002ஆம் ஆண்டு முதல் கட்டாயமாயிற்று.

இவ்வரலாற்றில் நம் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகளில் நோயுற்றோருள் பலர் மக்காவுக்குச் செல்லாதவர்கள். ஹஜ்ஜிலிருந்து நலமாகத் திரும்பிய பெரியவரின் தொண்டையில் தங்கி வந்த கிருமி, அவரைத் தழுவி வரவேற்ற வீட்டாரைத் தாக்கியது. ஜம்ஜம் நீரும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்த அன்புக் கைகள், அறியாமலே நோயையும் கொண்டுவந்தன. ஆகையால் இவ்வூசி செல்பவரைக் காப்பதற்கு மட்டும் உரியதன்று. வாசலில் காத்திருக்கும் பேரப்பிள்ளைக்கும் உரியது.

இவ்வூசியில் இருவகை உண்டு. கிருமியின் மேலுறையாகிய சர்க்கரைப் பொருளை மட்டும் கொண்டது ஒரு வகை. அச்சர்க்கரையைப் புரதம் ஒன்றோடு பிணைத்துச் செய்தது மற்றொரு வகை. பின்னதனை இணைப்பு ஊசி என்பர். முன்னதன் சான்று மூன்றாண்டும், பின்னதன் சான்று ஐந்தாண்டும் செல்லும். முன்னது நோயைத் தடுக்குமேயன்றித் தொண்டையில் கிருமி தங்குவதைத் தடுப்பதில் வலியற்றது. இணைப்பு ஊசி அதனையும் குறைக்க வல்லது. ஆகவே வீட்டாருக்கும் நலம் பயப்பது. எவ்வகையாயினும், சவூதி மண்ணில் கால் வைப்பதற்குப் பத்து நாளுக்கு முன்னரே போட்டுக்கொள்ளல் வேண்டும். ஹஜ் குழு வழியாகச் செல்வோருக்கு முகாம்கள் அமைத்து ஊசி போடப்படுகின்றது. தனியார் ஏற்பாட்டில் உம்ராவுக்குச் செல்வோரே பெரும்பாலும் இதில் தவறுகின்றனர்.

இது பழங்கதை என்று எவரும் கருத வேண்டா. 2024ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் அமெரிக்கா, பிரான்சு, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளில் உம்ராவோடு தொடர்புடைய 12 பேர் இந்நோயுற்றனர். பதின்மர் சென்று வந்தவர். இருவர் அவர்களோடு நெருங்கிப் பழகியவர். தடுப்பூசி விவரம் தெரிந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட ஊசி போட்டிருக்கவில்லை.

பயணம் சொல்ல வந்த பெரியவர்

புனிதப் பயணம் புறப்படுவோர் வீடுவீடாகச் சென்று 'பயணம் சொல்லி', அறிந்தோ அறியாமலோ செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டு, கொடுக்கல் வாங்கலைத் தீர்த்துக்கொள்வது நம் மக்களின் அழகிய வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் எம் தெருப் பெரியவர் ஒருவர் அவ்வாறு எம்மிடம் பயணம் சொல்ல வந்தார். உம்ராவுக்குப் புறப்பட நான்கு நாள்களே இருந்தன. பேச்சினிடையே, "மாமா, ஊசியெல்லாம் போட்டாகிவிட்டதா?" என்று கேட்டோம். "அட்டை வந்துவிட்டது தம்பி" என்று சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "எந்தக் கையில் போட்டார்கள்?" என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. "ஏஜெண்டே எல்லாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்" என்றார்.

முத்திரையும் கையொப்பமும் தேதியும் அட்டையில் இருந்தன. ஊசி ஒன்றுதான் இல்லை. 2000ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை அவருக்கு எடுத்துரைத்தோம். அவர் வீட்டில் எட்டு மாதக் குழந்தை ஒன்று உண்டு. அதனைக் கேட்ட பின் அவர் அட்டையை இரண்டாகக் கிழித்துவிட்டார். "கடனைத் தீர்த்துவிட்டுப் போக வேண்டும் என்று ஊரெல்லாம் சுற்றுகிறேன். வீட்டுக்குள்ளேயே ஒரு கடனை வைத்துவிட்டல்லவா போக இருந்தேன்" என்றார். மறுநாளே ஊசி போட்டுக்கொண்டார். பயணச்சீட்டை இரண்டு வாரம் தள்ளிவைத்ததில் அவருக்குப் பணம் சிறிது நட்டமாயிற்று. செலவழுங்கல் என்பதை வகுப்பறையில் பலமுறை விளக்கியுள்ள நாம், அதன் பொருளை அன்றுதான் நேரில் கண்டோம்.

பொய்ச் சான்று அதிகாரியை ஏமாற்றலாம், கிருமியை ஏமாற்றாது. மேலும், வழிபாட்டுக்கென மேற்கொள்ளும் பயணத்தைப் பொய்யில் தொடங்குவது முறையாமோ என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மஞ்சள் காய்ச்சலும் இந்திய நாட்டின் அச்சமும்

ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகளில் மஞ்சள் காய்ச்சல் உள்ளது. ஈடிஸ் எஜிப்தி என்னும் கொசு அதனைப் பரப்புகின்றது. நம் தெருக்களில் டெங்கு பரப்பும் கொசுவும் அதுவே. கொசு இங்கே உண்டு, மக்கட்பெருக்கமும் உண்டு, வைரஸ் ஒன்றுதான் இன்னும் வந்து சேரவில்லை. ஒரே ஒரு நோயாளி வழியாக அது வந்துவிட்டால் விளையும் கேடு அளவிடற்கரியது. இதனாலேயே இந்திய அரசு இவ்விதியில் மிகவும் கண்டிப்பாயுள்ளது. அந்நோயுள்ள நாடுகளிலிருந்து செல்லத்தக்க சான்றின்றி வருவோர், நம் நாட்டுக் குடிமக்களேயாயினும், ஆறு நாள் வரை தனிமையில் வைக்கப்படுவர்.

இதற்கான '17டி' என்னும் தடுப்பூசியை 1937ஆம் ஆண்டில் உருவாக்கிய மாக்ஸ் தைலர், 1951ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். முன்னர் இதன் சான்று பத்தாண்டு மட்டுமே செல்லும். 2016ஆம் ஆண்டு ஜூலை 11 முதல் ஒருமுறை போட்ட ஊசி வாழ்நாள் முழுமைக்கும் செல்லும் எனப் பன்னாட்டு விதி திருத்தப்பட்டுள்ளது. அரசு ஏற்பளித்த நிலையங்களில் போடும் ஊசியே ஏற்கப்படும். சென்னையில் கிண்டி கிங் நிலையமும் துறைமுக நலவாழ்வு அலுவலகமும் அத்தகையன. எல்லா நாளும் போடுவதில்லையாதலின், நாளை முன்னரே கேட்டறிந்து, பாஸ்போர்ட்டோடு செல்லுதல் வேண்டும்.

இவ்வூசியில் உயிருள்ள வலிகுன்றிய வைரஸ் இருப்பதால், அறுபது வயதைக் கடந்தோர், கருவுற்ற தாய்மார், முட்டை கடுமையாக ஒவ்வாதோர், நோயெதிர்ப்பாற்றல் குன்றியோர் ஆகியோர் மருத்துவரைக் கலந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும். போடக்கூடாதவர்க்கு அதற்குரிய விலக்குச் சான்று வழங்கும் முறையும் உண்டு.

ஏனைய ஊசிகள்

குடிநீரும் உணவும் ஐயத்திற்கிடமான நாடுகளுக்குச் செல்வோர், டைபாய்டுக்கும் மஞ்சள் காமாலையின் 'ஏ' வகைக்கும் ஊசி போட்டுக்கொள்ளல் நன்று. முதியோரும் நீரிழிவு, இதய நோய், ஆஸ்துமா உடையோரும் கூட்டம் மிகுந்த பயணங்களுக்கு முன் இன்புளூயன்சா ஊசி போட்டுக்கொள்ளல் வேண்டும். போலியோவைப் பொறுத்தவரை, இந்தியாவில் கடைசி நோயாளி 2011ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள் கண்டறியப்பட்டார். 2014ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் நம் வட்டாரம் போலியோ அற்றதெனச் சான்று பெற்றது. பாடுபட்டுப் பெற்ற அப்பேற்றினைக் காக்கவே, அந்நோயுள்ள நாடுகளுக்குச் செல்வோரும் அங்கிருந்து வருவோரும் சொட்டு மருந்து பெற வேண்டும் என்பர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, தட்டம்மைத் தடுப்பூசியின் சான்றைச் சேர்க்கையின்போதே கேட்கின்றன. மாணவர்கள் தம் குழந்தைப் பருவ ஊசி அட்டையைத் தாயிடம் கேட்டு எடுத்து வைத்துக்கொள்க.

எல்லா நோய்க்கும் ஊசி உண்டு என எண்ணுதலும் பிழை. 2012ஆம் ஆண்டில் சவூதியில் கண்டறியப்பட்ட மெர்ஸ் நோய்க்கு ஊசியில்லை. அங்கே ஒட்டகங்களை நெருங்காமையும், அவற்றின் காய்ச்சாத பாலைப் பருகாமையும், கை கழுவுதலுமே காப்பு.

சில ஐயங்களும் விளக்கங்களும்

'விதிப்படி நடக்கட்டும்; ஊசி எதற்கு?' என்பார் உளர். கி.பி. 639ஆம் ஆண்டளவில் ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது, அந்நாட்டை நோக்கிச் சென்றுகொண்டிருந்த கலீபா உமர் அவர்கள் வழியிலேயே திரும்பினார்கள். இறைவன் விதித்ததிலிருந்து ஓடுகிறீர்களா என்று தளபதி அபூ உபைதா அவர்கள் வினவியபோது, விலகிச் செல்வதும் இறை விதிப்படியே நிகழ்வது என்னும் பொருள்பட உமர் அவர்கள் விடை தந்தார்கள். நோய் பரவும் ஊருக்குள் புகாதீர், அங்கிருப்போர் தப்பியோடி வெளியேறாதீர் என்னும் நபிகள் நாயகம் அவர்களின் அறிவுரையை அவ்வேளை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் அவர்கள் எடுத்துரைத்தார்கள். தன்னையும் காத்துப் பிறரையும் காக்கும் கருத்து இதில் அடங்கியுள்ளதன்றோ!

'ஊசியில் ஆகாத பொருள் கலந்திருக்குமோ?' என்பது மற்றோர் ஐயம். இது புறக்கணிக்கத்தக்கதன்று. இந்தோனேசிய உலமா மன்றம் 2010ஆம் ஆண்டில் இவ்வினாவை ஆராய்ந்து, ஹஜ்ஜுக்குரிய மூளைச்சவ்வுக் காய்ச்சல் ஊசிகளுள் ஆகுமானவை இவையெனத் தேர்ந்து அறிவித்தது. ஐயம் எழுந்தபோது அவர்கள் ஊசியைத் துறக்கவில்லை, ஆராய்ந்து தெளிந்தனர். நாமும் ஆலிம்களையும் மருத்துவர்களையும் ஒருங்கே கேட்டுத் தெளிதலே முறை.

'ஊசியால் காய்ச்சல் வருமே!' என்பர் சிலர். கைவலியும் ஓரிரு நாள் மெல்லிய காய்ச்சலும் வரக்கூடும், தாமே நீங்கும். அச்சத்தால் ஊசியைத் தவிர்த்த ஒருவர் கதையை இங்கு நினைத்தல் தகும். சோமாலியாவில் மருத்துவமனைச் சமையலராயிருந்த அலி மாவ் மாலின், வலிக்குமென்று அஞ்சி அம்மை குத்திக்கொள்ளவில்லை. 1977ஆம் ஆண்டில் பெரியம்மை அவரைத் தாக்கியது. உலகில் இயற்கையாய் அந்நோயுற்ற கடைசி மனிதர் அவரே. அவர் பிழைத்தெழுந்தார். 1980ஆம் ஆண்டில் பெரியம்மை உலகினின்று ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பிற்காலத்தில் அவர் போலியோ ஒழிப்புப் பணியில் சேர்ந்து, தயங்கிய பெற்றோரிடம் தம் கதையைக் கூறி மனம் மாற்றி வந்தார். 2013ஆம் ஆண்டில் அப்பணியினிடையே மறைந்தார்.

செய்ய வேண்டுவன

1. பயணம் உறுதியானதும், இயன்றால் எட்டு வாரங்களுக்கு முன்னரே, செல்லும் நாடுகளையும் இடையில் இறங்கும் நாடுகளையும் குறித்துக்கொண்டு மருத்துவரைக் காண்க. உண்ணும் மருந்துகளின் பட்டியலையும் உடன் கொண்டு செல்க.

2. நான்கு வாரங்களுக்கு முன் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் போலியோ மருந்தும் முடிந்திருத்தல் நலம். உயிருள்ள வைரஸ் ஊசிகள் இரண்டு தேவைப்பட்டால், ஒரே நாளில் போட வேண்டும். இன்றேல் நான்கு வார இடைவெளி வேண்டும்.

3. இரண்டு வாரங்களுக்கு முன் டைபாய்டு, இன்புளூயன்சா, மூளைச்சவ்வுக் காய்ச்சல் ஊசிகள் முடிந்திருத்தல் வேண்டும்.

4. விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியன. செல்லும் நாட்டின் அவ்வாண்டு அறிவிப்பையே இறுதியாகக் கொள்க.

5. அட்டையைப் பெட்டிக்குள் வைக்காது பாஸ்போர்ட்டோடு கையில் வைத்துக்கொள்க. படியொன்று வீட்டில் இருக்கட்டும்.

6. திரும்பிய பின் காய்ச்சலோடு கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, தோலில் செந்தடிப்பு தோன்றின் நாழிகை தாழ்த்தாது மருத்துவமனை செல்க. எந்நாட்டிலிருந்து வந்தீர் என்பதை முதலில் கூறுக.

முடிவுரை

கமரான் தீவில் வெயிலில் கிடந்தோரும், மண்டபம் முகாமில் கையை நீட்டி நின்றோரும் நம் முன்னோர். அவர்களுக்கு வாய்க்காத எளிய வழி நமக்கு வாய்த்துள்ளது. அதனைத் தாளளவில் சுருக்கிவிடுவது அவர்கள் பட்ட துன்பத்தை மறப்பதாகும். பயணம் சொல்லப் படியேறும்போது, கேட்க வேண்டிய மன்னிப்போடும் தீர்க்க வேண்டிய கடனோடும் போட வேண்டிய ஊசியையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வோம். நம் மாணவச் செல்வங்கள் தத்தம் வீட்டிலிருந்து புறப்படும் பெரியோரிடம், "எந்தக் கையில் போட்டார்கள்?" என்று அன்போடு ஒருமுறை கேட்பார்களாயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.